வீட்டுப் பெரியவருக்கு முதுகெலும்பு அமுங்கிவிட்டால்: சிமெண்ட் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டுத்தரையில் சாணி அள்ளக் குனிந்தபோது நடுமுதுகில் சுரீரென்றது. பால் கேனைத் தூக்கியபோது உள்ளே ஏதோ ஒடிந்த மாதிரி இருந்தது. டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவரை வேகத்தடையில் தூக்கிப் போட்டது. நம் கொங்கு ஊர்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகெலும்பு முறிவு இப்படித்தான் வருகிறது. பெரிய விபத்து எதுவும் நடந்திருக்காது. அதனாலேயே வீட்டில் யாரும் இதை முறிவு என்று நினைப்பதில்லை. வாயுப்பிடிப்பு, சுளுக்கு, வயசு என்று ஏதோ ஒரு பெயர் வைத்துத் தைலம் தேய்த்து நாளைக் கடத்துகிறோம்.

முதுகெலும்புத் தொடரில் உள்ள ஒவ்வொரு எலும்பும் ஒரு முள்ளெலும்பு. எலும்பின் அடர்த்தி குறைந்துபோகும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) வந்தால் அது உள்ளே வலுவிழந்து கிடக்கும். சின்ன பாரம் விழுந்தாலும் முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும். இதைத்தான் மருத்துவர்கள் அமுக்க முறிவு என்கிறார்கள். உடைந்த எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தி வலியைக் குறைக்கும் சிகிச்சை இப்போது நம் பக்கத்து நகரங்களிலேயே கிடைக்கிறது. ஆனால் எல்லா முறிவுக்கும் அது தேவையில்லை. தேவைப்பட்டுச் செய்துகொண்டவர்களுக்கும் வைத்தியம் அதோடு முடிவதில்லை. சிமெண்ட் போடுவது உடைந்த ஒரு எலும்புக்கு மட்டும்தான். எலும்புப்புரையோ மீதி எல்லா எலும்பிலும் அப்படியே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: முறிவா என்று சந்தேகப்படுங்கள்

வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். நின்றால், நடந்தால், படுக்கையில் புரண்டால், இருமினால் வலி உயிர் போகும். அசையாமல் மல்லாந்து படுத்தால் ஓரளவு அடங்கும். நடுமுதுகின் எலும்பு மேட்டை விரலால் மெல்லத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் துள்ளுவார்கள். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முறிவைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

வலி இடம் மாறியும் தெரியும். மார்பு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில்தான் இந்த முறிவுகள் அதிகம். மார்பின் 12ஆம் எலும்பும் இடுப்பின் முதல் எலும்பும் அங்கே இருக்கின்றன. அங்கே உடைந்தால் வலி கீழே இடுப்பு மேட்டில் உணரப்படலாம். உடனே 'டிஸ்க்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்னும் மேலே உடைந்தால் வலி விலாவைச் சுற்றிப் பட்டை கட்டியது போல முன்பக்கம் வரும். கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருப்பார்கள்.

வலியே இல்லாமல் அமுங்கும் எலும்புகளும் நிறைய உண்டு. இளம் வயதில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தாலோ, முதுகு வளைந்து கொண்டே போனாலோ, பழைய முறிவு உள்ளே இருக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத வலி நிவாரணப் பொடிகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படி 2: நீவ வேண்டாம், ஆபத்து அறிகுறிகளைப் பாருங்கள்

சுளுக்கு வழிப்பவரிடமோ கட்டுப் போடுபவரிடமோ அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, கை கால் சுளுக்கில் பலருக்கு ஆறுதல் கொடுத்தவர்கள்தான். ஆனால் உடைந்த முள்ளெலும்பின் மேல் முழங்காலை வைத்து அழுத்துவதும், ஆளைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும் எலும்பை மேலும் நொறுக்கும். உடைந்த துண்டு பின்னால் தள்ளப்பட்டால் தண்டுவடம் பாதிக்கப்படும்.

கால் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவானாலும் 108க்கு அழையுங்கள். காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் அடங்காத வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு இவற்றையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

படி 3: சரியான படங்களும் ரத்தப் பரிசோதனைகளும்

முதலில் எக்ஸ்ரே. இடுப்புப் பகுதியை மட்டும் எடுத்தால் மார்பு முடிகிற எலும்புகள் படத்தின் விளிம்பில் போய்விடும். மார்பும் இடுப்பும் சேருமிடம் முழுதாக விழும்படி பக்கவாட்டுப் படமும் வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. இந்தச் சிகிச்சையின் முடிவே பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. எக்ஸ்ரேயில் நான்கு எலும்புகள் அமுங்கித் தெரியலாம். அவற்றில் எது 10 வருஷம் முந்தையது, எது போன வாரம் உடைந்தது என்று எக்ஸ்ரே சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் 'ஸ்டிர்' என்கிற வகைப் படத்தில் புது முறிவின் உள்ளே நீர்கோத்து வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த வீக்கம் இல்லாத பழைய, ஆறிய எலும்பில் சிமெண்ட் போட்டுப் பயனில்லை. எம்.ஆர்.ஐ. பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து நாளைக்கே சிமெண்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் சேர்த்துப் பார்ப்பதுண்டு.

எலும்பு அமுங்கியதற்கு எலும்புப்புரை மட்டும்தான் காரணம் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயும் எலும்பை இப்படிக் கரைக்கும். மல்டிபிள் மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோயும், வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோயும் அதே மாதிரி செய்யும். ஆகவே ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, சீரம் புரத எலெக்ட்ரோஃபோரசிஸ் இவற்றைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால், சிமெண்ட் போடும் அதே ஊசி வழியாகவே கொஞ்சம் எலும்பை எடுத்துப் பயாப்சி என்கிற திசுப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்.

டெக்ஸா ஸ்கேன் எலும்பின் அடர்த்தியை அளக்கும். இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. ஆனால் லேசான பாரத்திலேயே முள்ளெலும்பு உடைந்திருந்தால், வேறு நோய் இல்லை என்று உறுதியான பிறகு, ஸ்கோர் எப்படி இருந்தாலும் அது எலும்புப்புரைதான். உடைந்த எலும்பு அழுத்தமாகி அடர்த்தியை அதிகமாகக் காட்டும், அதனால் அதை விட்டுவிட்டு இடுப்பு மூட்டில் அளக்கச் சொல்லலாம். தருமபுரி, சேலம் பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த போர்த்தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கும் ஸ்கோர் நன்றாகவே வரும், ஆனால் எலும்பு எளிதில் உடையும். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 4: முதல் சில வாரங்கள், சிமெண்ட் இல்லாமல்

பெரும்பாலான அமுக்க முறிவுகளின் வலி 6 முதல் 12 வாரத்துக்குள் தானாகவே குறையும். பெரியவர் வலியோடாவது எழுந்து நடக்கிறார், மாத்திரைக்கு வலி கேட்கிறது என்றால் பொறுத்துப் பார்ப்பதுதான் சரி.

பாராசிட்டமால் நேரம் தவறாமல் கொடுப்பது வலி வந்தபின் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். ட்ராமடால் என்கிற வீரியமான வலி மருந்து கொடுத்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் முதுகு வலிக்கும். எனவே மலமிளக்கியையும் சேர்த்தே கேளுங்கள். கால்சிடோனின் மூக்கு ஸ்பிரே முதல் சில வாரங்களுக்குச் சிலருக்கு உதவும்.

டெய்லர் பிரேஸ் மாதிரியான முதுகுப்பட்டையை எழுந்து உட்காரும்போதும் நடக்கும்போதும் மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் கட்டியே வைத்தால் முதுகுத் தசை சூம்பிப்போகும்.

கயிற்றுக்கட்டில் வேண்டாம், குழி விழுந்து முதுகு வளையும். பலகைக் கட்டிலில் கெட்டியான மெத்தை போதும். எழும்போது முதலில் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை இந்த நாட்களில் முடியாது. ஓட்டை வைத்த பிளாஸ்டிக் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள்.

முழுப் படுக்கையில் போட்டுவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். 'அசையாம படு ஆத்தா' என்று பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும், நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். வலி தாங்குகிற அளவுக்குத் தினமும் பல முறை எழுந்து நாலடி நடக்கட்டும்.

படி 5: சிமெண்ட் யாருக்கு?

வெர்ட்டிப்ரோபிளாஸ்டி என்கிற முறையில் ஊசி வழியே நேராகச் சிமெண்டைச் செலுத்துகிறார்கள். கைஃபோபிளாஸ்டியில் முதலில் ஒரு சிறு பலூனை உள்ளே விட்டு ஊதி, எலும்பைக் கொஞ்சம் தூக்கி, உண்டான இடத்தில் சிமெண்டை நிரப்புகிறார்கள். முதலாவது 1984இல் பிரான்ஸின் அமியான் நகரில் தொடங்கியது. பலூன் முறை 1990களின் கடைசியில் அமெரிக்காவில் வந்தது. வலியைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கைஃபோபிளாஸ்டியில் எலும்பின் உயரம் ஓரளவு மீளலாம், சிமெண்ட் கசிவும் குறைவு. பலூனால் செலவு நன்றாகவே கூடும்.

சரி, இதனால் பயன் உண்டா? ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு ஆய்வுகள் வந்தன, ஒன்றில் 78 பேர், மற்றதில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையாகச் சிமெண்ட், பாதிப் பேருக்குச் சிமெண்ட் போடுவது போன்ற பாவனை. இரு குழுவுக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது. 2018இல் நெதர்லாந்தில் 180 பேரிடம் செய்த ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் 2016இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில் முறிவு ஏற்பட்டு 6 வாரத்துக்குள் இருந்த, வலி மிகக் கடுமையாக இருந்த 120 பேரை மட்டும் சேர்த்தார்கள். அங்கே சிமெண்ட் போட்டவர்களுக்குப் பலன் தெளிவாக அதிகமாக இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். முதுகு வலிக்கிற எல்லாருக்கும் போடும் ஊசி அல்ல இது. எம்.ஆர்.ஐ.யில் புது முறிவு தெரிந்து, வலி இருக்கும் இடமும் அந்த எலும்பும் ஒத்துப்போய், இரண்டு மூன்று வாரம் சரியாக மருந்து கொடுத்தும் படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவருக்கு இதைச் செய்யலாம். முறிவு ஒட்டாமல் எலும்புக்குள் வெற்றிடம் உண்டாகி, அசையும்போதெல்லாம் வலி வருகிறவர்களுக்கும் செய்யலாம். கடும் வலியில் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கும் 80 வயதுக்காரருக்கு ஆறு வாரம் காத்திருங்கள் என்பதும் கொடுமைதான். அவர்களுக்குச் சீக்கிரமே பேசி முடிவெடுக்கலாம்.

உடலில் கிருமித்தொற்று இருந்தாலும், ரத்தம் உறைவதில் சரிசெய்யப்படாத கோளாறு இருந்தாலும், முறிவு ஆறிப்போயிருந்தாலும் செய்யக் கூடாது. எலும்பின் பின்சுவர் உடைந்து தண்டுவடத்தை அழுத்தி, கால் பலமிழந்திருந்தால் சிமெண்ட் மட்டும் போதாது, அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

படி 6: எங்கே போவது, என்ன கேட்பது

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, பெருந்துறையிலுள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் எலும்பு முறிவுப் பிரிவில் முதலில் காட்டலாம். திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியாரில் போவதானால் முதுகெலும்புக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவரைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட மேசையில், இந்தச் சிகிச்சை அவர்களிடம் திட்டத்தில் வருமா என்று கேட்டுவிடுங்கள். பலூன், ஊசி, சிமெண்ட் ஆகியவற்றுக்குத் தனி பில் போடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த எலும்பு? அது புது முறிவு என்பதை எம்.ஆர்.ஐ.யில் காட்ட முடியுமா? நீங்கள் இதை அடிக்கடி செய்கிறீர்களா? சிமெண்ட் கசிந்து நரம்பை அழுத்தினால் உடனே அறுவை சிகிச்சை செய்ய இங்கேயே வசதி உண்டா? இதற்குப் பின் எலும்புப்புரைக்கு என்ன மருந்து தருவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் நான் என் வீட்டுப் பெரியவரைச் சேர்க்க மாட்டேன்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் முதுகெலும்பு மருத்துவரும் பேசி நாள் குறிக்கட்டும். ஸ்டென்ட் வைத்தவர் திடீரென்று நிறுத்துவது முதுகு வலியைவிடப் பெரிய ஆபத்து. ஆஸ்துமாவோ அதிகக் கூனோ இருந்து குப்புறப் படுக்க முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மயக்க மருத்துவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மருத்துவமனை சொல்லும் மணியிலிருந்து வெறும் வயிறு.

படி 7: சிகிச்சை நாள்

தியேட்டருக்குள் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை கொடுப்பார்கள். ஆன்டிபயாடிக் ஊசி முன்னதாகவே ஏறியிருக்கும். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, லேசான தூக்கத்துக்கு மருந்து கொடுத்தே செய்கிறார்கள். சிலருக்கு முழு மயக்கம் தேவைப்படும். சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே, முள்ளெலும்பின் பின்புறத் தூண் வழியாக ஊசியை எலும்பின் உடலுக்குள் கொண்டுபோவார்கள். தோலில் சில மில்லிமீட்டர் கீறல் மட்டும்தான்.

உள்ளே போவது பாலிமெதில் மெதாக்ரிலேட், சுருக்கமாகப் பி.எம்.எம்.ஏ. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிற அதே எலும்புச் சிமெண்ட். பொடியையும் திரவத்தையும் கலந்து பற்பசைப் பதம் வரும்வரை காத்திருந்து, பிறகுதான் செலுத்துவார்கள். தண்ணியாக இருந்தால் கசியும். ஓர் எலும்புக்குச் சில மி.லி. போதும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் கலந்திருக்கும். எலும்பின் பின்சுவரை நெருங்கினாலோ ரத்தக்குழாயில் ஏறுவது தெரிந்தாலோ நிறுத்திவிடுவார்கள். நிறைய நிரப்ப வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. ஒரு எலும்புக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சிமெண்ட் சில நிமிடங்களிலேயே இறுகும், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முழு உறுதியும் வந்துவிடும்.

ஆபத்துகளையும் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். சிமெண்ட் கொஞ்சம் கசிவது சாதாரணம், பெரும்பாலும் தொந்தரவு தராது. அரிதாக அது நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தும், அல்லது ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைக்கும். கிருமித்தொற்று, ரத்தக்கசிவு, சிமெண்ட் செலுத்தும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது ஆகியவையும் உண்டு.

படி 8: வீடு திரும்பிய பின்

ஓரிரு மணி நேரம் மல்லாந்து படுக்கவைத்து, அன்று மாலையோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். பலருக்கு ஓரிரு நாளில் வலி நன்றாகக் குறையும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அது தனி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காலில் புதிய மரப்பு, காய்ச்சல், ஊசி இடத்தில் சீழ் என்று எது வந்தாலும் தாமதிக்காதீர்கள்.

வலி போன தெம்பில் மறுவாரமே புண்ணாக்கு மூட்டையைத் தூக்குவதும், சோளத்தட்டுக் கட்டைச் சுமப்பதும் நடக்கிறது. கூடாது. முன்னால் குனிந்து செய்யும் வேலைகள்தான் முள்ளெலும்பின் முன்பக்கத்தை அமுக்குகின்றன. வாசல் கூட்ட நீண்ட கைப்பிடித் துடைப்பம் வாங்கிக் கொடுங்கள். கோலம், சாணி அள்ளுதல், மாட்டைக் கயிற்றில் பிடித்துப் போவது மற்றவர் கைக்கு மாறட்டும். மொபெட்டின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து மண்பாதையில் வருவதை அறவே தவிருங்கள். தோட்டத்து வீடுகளில் குளியலறை வெளியே இருக்கும். போகிற வழியில் ஒரு விளக்கு, உள்ளே ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை இவை மூன்றையும் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் முன்பே செய்துவிடுங்கள்.

முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கும் கால்களுக்கும் பயிற்சி வேண்டும். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி ஆகாது. பயிற்சி மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

படி 9: மீதி எலும்புகளைக் காப்பது

ஒரு முள்ளெலும்பு உடைந்தவருக்கு அடுத்தது உடையும் வாய்ப்பு பல மடங்கு. சிமெண்ட் போட்டாலும் போடாவிட்டாலும் இதுதான் நிலை. வலி போனதும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறோமே, அங்கேதான் தப்பு.

எலும்புப்புரைக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ஆலென்ட்ரோனேட், 70 மி.கி. மாத்திரை வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபி உட்பட எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இன்னொன்று சோலெட்ரோனிக் ஆசிட், 5 மி.கி. வருஷத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏறும். முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும், வைட்டமின் டி குறைவை முதலில் சரிசெய்திருக்க வேண்டும். டெரிபாராடைட் தினம் 20 மைக்ரோகிராம் தோலடி ஊசி. புது எலும்பை உண்டாக்கும், கடும் எலும்புப்புரைக்கு நல்லது, விலை அதிகம். 2 வருஷம் வரை போட்டபின் வேறு மருந்துக்கு மாற வேண்டும், இல்லையென்றால் சேர்ந்த எலும்பு கரைந்துவிடும்.

டெனோசுமாப் 60 மி.கி. 6 மாதத்துக்கு ஒரு ஊசி. இதைத் தொடங்கினால் நாள் தவறவே கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் உடைய வாய்ப்பு உண்டு. நோம்பி, கல்யாணம், அறுவடை என்று தள்ளிப் போடாமல் காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவர் வேறு மருந்தைத் தொடர்ந்து கொடுப்பார். இவற்றில் பல மருந்துகளுக்கு முன், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிடுவது நல்லது.

சாப்பாட்டில் தினம் 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. 200 மி.லி. பாலில் ஏறக்குறைய 240. நம் ஊர்க்களிக்கும் மோருக்கும் ஈடு இல்லைதான். ஆனால் பல வீடுகளில் கறக்கிற பாலெல்லாம் சொசைட்டிக்குப் போய், மாட்டைப் பராமரித்த ஆத்தாவுக்கு வரக்காபிதான் மிஞ்சுகிறது. அவருக்கென்று தினம் இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரை முதலில் எடுத்து வையுங்கள். கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை எதுவானாலும் புரதமும் சேரட்டும். எலும்போடு தசையும் வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் வைட்டமின் டி குறைவது உண்டு, ரத்தத்தில் பார்த்துத்தான் மருந்து. 60,000 யூனிட் பாக்கெட்டை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும் எடுங்கள், தினமும் அல்ல. புகையிலையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

சிமெண்ட் போட்டு நன்றாக இருந்தவருக்குச் சில வாரமோ மாதமோ கழித்துத் திடீரென்று புது வலி வந்தால், பழைய இடம்தான் திரும்ப வலிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து எலும்பு உடைந்திருக்கலாம். பழைய எம்.ஆர்.ஐ. படங்கள், டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்து, அந்தப் பையோடு அதே மருத்துவரிடம் போய்ப் புதிதாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள்.